எண் பலகைக்குப் பின்னே!

மோட்டார் வண்டியின் முகப்பில் ஓர் எண். முதுகில் அதே எண். தெருவில் நாள்தோறும் ஆயிரம் எண்கள் நம் கண்முன்னே ஓடுகின்றன. ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. தகடுதானே, எழுத்துத்தானே என்று நாம் அதைக் கடந்து போகிறோம். ஆனால் தோழர்களே, அந்தத் தகட்டுக்குப் பின்னே ஒரு பேரேடு இருக்கிறது. பேரேட்டில் ஒரு பெயர் இருக்கிறது. பெயருக்கு நேரே ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதி கடந்துவிட்டால், நேற்று மாலைவரை உங்களைச் சுமந்த வண்டி, இன்று காலையில் சட்டத்தின் கண்ணுக்குப் பதிவே இல்லாத வண்டி!

எஞ்சின் அதேதான். சக்கரம் அதேதான். ஓட்டுகிறவனும் அவனேதான். மாறியது ஒரு தேதி. அந்த ஒரு தேதி ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடக் கூடும் என்பதால்தான், இந்தப் பொருளை இன்று தலையங்கத்துக்கு எடுத்துக் கொண்டோம்.

"அரசியல் பேசும் ஏட்டில் ஆர்.சி. புத்தகமா?" என்று சிலர் சிரிக்கக் கூடும். சிரிக்கட்டும். விடியுமுன்னே மீன் கூடையைக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். ஐம்பதில் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துப் போகிறானே, அந்தத் தோழனுக்கு அந்த வண்டிதான் கடை. அந்த வண்டிதான் வயல். கரணையையும் தூக்குக்குண்டையும் சாக்கில் சுருட்டி, இருபது மைல் போய்க் கட்டடம் கட்டுகிற கொத்தனாருக்கு அந்த வண்டிதான் கால். அவன் காலுக்கு ஒரு விலங்கு வருகிறது என்றால், அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது அரசியல்?

எண் பலகை எதற்காக வந்தது? சாலை ஓரத்தில் நிறுத்தி அபராதம் வாங்குவதற்கா? இல்லை. 1893ஆம் ஆண்டு பாரிசு நகரப் போலீசார் ஓர் ஆணை பிறப்பித்தார்கள். மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எண்ணும் பொறித்த உலோகத் தகட்டைத் தாங்கவேண்டும் என்றது அந்த ஆணை. இங்கிலாந்தில் 1903இல் சட்டம் செய்து, 1904 ஜனவரி 1 முதல் வண்டிகளுக்கு எண் கொடுத்தார்கள். இந்தியாவில் 1914இல் முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது, 1939இல் இன்னொன்று, இன்று நாம் வாழ்வது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்.

அந்நாளில் காரில் போனவன் சீமான். நடந்து போனவன் சாமானியன். இடித்துத் தள்ளிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்த வண்டிக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. பறந்தவனைப் பிடிக்க ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. எண் பலகை நடந்து போகிறவனின் கேடயம்!

இன்றைய சட்டத்திலும் இந்த உண்மை ரூபாய்க் கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்று தெரியாமலே போனால், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திட்டப்படி மாண்டவர் குடும்பத்துக்குக் கிடைப்பது 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000. வண்டி எது என்று தெரிந்துவிட்டால்? யார்மீது பிழை என்று மெய்ப்பிக்கத் தேவையில்லாமலே, 164ஆம் பிரிவின்கீழ்ச் சாவுக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். பிழையை மெய்ப்பித்தால், மாண்டவரின் வயதையும் வருவாயையும் காட்டி அதற்கு மேலும் கேட்கலாம். இடையில் நிற்பது என்ன? யாரோ ஒருவர் படித்து நினைவில் வைத்த நாலு எழுத்தும் நாலு எண்ணும்!

இந்த இடத்தில் நம் தோழர்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட விரும்புகிறோம். எண் பலகையில் தலைவர் படம் ஒட்டுகிறீர்கள். கொடியின் நிறம் தீட்டுகிறீர்கள். எண்ணைச் சித்திரமாக வளைத்து, எட்டா மூன்றா என்று எதிரே வருபவன் திகைக்கும்படி எழுதுகிறீர்கள். பற்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலகை பற்றைக் காட்டும் இடமா? அடிபட்டவன் மயங்குமுன் படித்தாக வேண்டிய எழுத்தை மறைத்து நிற்க எந்தத் தலைவரின் முகம் விரும்பும்? 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்துப் போலீசார், எண் பலகையில் ஒட்டியிருக்கும் வேண்டாத அடையாளங்கள்மீது நடவடிக்கை எடுக்கப் புறப்பட்டார்கள். முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் என்று சட்டம் சொல்கிறது. அபராதத்துக்கு அஞ்சி நாம் இதைச் சொல்லவில்லை. அந்தப் பலகையின் தொடக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கிறதே, அது எதைக் குறிக்கிறது? தமிழ்நாட்டை! 1969 ஜனவரி 14இல் இந்த மாநிலம் அடைந்த பெயரை! அந்தப் பெயர்மீது எதையும் ஒட்டி மறைக்காதீர்கள் என்கிறோம். கொடி கம்பத்தில் பறக்கட்டும். எண் பலகையில் எண் மட்டுமே இருக்கட்டும்.

2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் புது வண்டிகளுக்குத் தொழிற்சாலைக்காரர்களே உயர் பாதுகாப்பு எண் பலகை கொடுத்தாகவேண்டும் என்று விதி வந்தது. அலுமினியத் தகடு, மூலையில் அசோகச் சக்கர முத்திரை, லேசரில் பொறித்த தனி எண், ஒருமுறை பூட்டினால் உடைத்தாலன்றிக் கழற்ற முடியாத பூட்டு. களவாடிய வண்டிக்கு வேறு எண் மாட்டி ஓட்டும் கயவனுக்குத்தான் இது தொல்லை. உழைப்பவனுக்கு இது காவல்.

இனித் தேதிக்கு வருவோம்.

சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு, ஆர்.சி. புத்தகம் 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பித்தால் ஐந்து ஆண்டு. பிறகும் புதுப்பிக்கலாம், மேலும் ஐந்து ஆண்டு. "15 ஆண்டு ஆனால் வண்டியைப் பிடுங்கி உடைத்துவிடுவார்கள்" என்று ஒரு வதந்தி ஊர் ஊராகச் சுற்றுகிறது. டில்லித் தலைநகர் வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு எழுந்த தடையை நம் ஊருக்கும் ஒட்டிப் பேசுகிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு 15 ஆண்டுக்கு மேல் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று விதி செய்தார்கள். அதையும் கலந்து குழப்புகிறார்கள். இந்தக் குழப்பத்தில் குளிர்காய்பவன் யார்? "இன்னும் ஆறு மாதத்தில் காயலான் கடைதான்" என்று மிரட்டி, ஓடுகிற வண்டியை அடிமாட்டு விலைக்குப் பறித்துக்கொள்ளும் தரகன்! நம்பாதீர்கள். வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா, ஆய்வாளர் சோதித்துச் சரி என்கிறாரா, கட்டணமும் பசுமை வரியும் கட்டியாயிற்றா, உங்கள் வண்டி உங்களுடையதே.

தேதி முடிவதற்கு 60 நாள் முன்னிருந்தே மனுக் கொடுக்கலாம். 25ஆம் எண் படிவம். வண்டியைக் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம், நம் மக்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிறார்களே அவரிடம், காட்டவேண்டும். காப்பீடு நடப்பில் இருக்கவேண்டும். புகைச் சான்று இருக்கவேண்டும். மஞ்சள் பலகை வண்டிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. வண்டிக்கு எட்டு வயதாகும்வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை எஃப்.சி.; அதற்குப்பின் ஆண்டுதோறும். எஃப்.சி. தவறினால் பதிவே செல்லாததாகச் சட்டம் கருதும். ஆட்டோத் தோழர்கள் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ளட்டும்.

தவறினால் என்ன? பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை 5,000 முதல் 10,000 வரை, அல்லது ஓராண்டு வரை சிறை. வண்டியையே பிடித்து வைக்கவும் போலீசாருக்கு அதிகாரம் உண்டு. மீன் கூடைக்காரனின் வண்டி ஒரு வாரம் காவல் நிலையத்து வேப்ப மரத்தடியில் நின்றால், அவன் வீட்டில் எத்தனை வேளை உலை கொதிக்கும்?

அபராதம் சிறிது, அதற்குப் பின்னே நிற்கும் பள்ளம் பெரிது. 2011ஆம் ஆண்டு ஒருவர் புது வண்டி வாங்கினார். தற்காலிகப் பதிவு ஜூலை 19ஆம் நாளுடன் முடிந்தது. நிலையான பதிவு செய்யவில்லை. ஒன்பது நாள் கழித்து, ஜோத்பூரில் ஒரு விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டி களவு போயிற்று. காப்பீட்டுப் பணம் கேட்டார். வழக்குப் பத்தாண்டு நடந்தது. 2021 செப்டம்பர் 30இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: செல்லுபடியாகும் பதிவு இல்லாத வண்டி, ஆகவே காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது சரி! களவு போனதற்கும் பதிவுக்கும் என்ன தொடர்பு என்று நாம் கேட்கலாம். ஒப்பந்தத்தின் அடிப்படையே தகர்ந்தது என்றது நீதிமன்றம். ஒன்பது நாள், தோழர்களே! ஒன்பது நாள் தாமதம், வண்டியை முழுவதுமாக விழுங்கிவிட்டது.

இன்னொன்று. வண்டியை விற்கிறோம். பணத்தை எண்ணி வாங்குகிறோம். டீக்கடையில் இரண்டு டீ, ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து, முடிந்தது வியாபாரம்! முடிந்ததா? 2007இல் ஒருவர் தம் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார்; அவர் மற்றொருவருக்கு. கைகள் மாறின, பதிவேட்டில் பெயர் மாறவில்லை. 2009இல் அந்தக் கார் ஒரு சிறுவனின் உயிரைக் குடித்தது. காருக்குக் காப்பீடு இல்லை. நட்டஈடு யார் கொடுப்பது? வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு! விற்றுப் பணத்தையும் செலவழித்துவிட்ட மனிதர், தாம் பார்த்தே இராத விபத்துக்குப் பணம் கட்டவேண்டும்.

இதைக் கொடுமை என்று சொல்லிவிட முடியுமா? மகனைப் பறிகொடுத்த தாய், காரை வாங்கிய நான்கு பேரை ஊர் ஊராகத் தேடி அலையட்டும் என்பதுதான் கொடுமை. பேரேட்டைப் புரட்டினால் பதில் கிடைக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது, அந்தத் தாயின் பக்கம் நின்று சொன்னது. ஆகவே விற்கிறவர் 14 நாளுக்குள் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். வாங்குகிறவர் 30 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றவேண்டும். 29ஆம் படிவம், 30ஆம் படிவம். இரண்டு தாள்தான். அந்த இரண்டு தாளைச் சோம்பலுக்கு விற்றவன் நிம்மதியை விற்றவனாவான்.

வீட்டுக்காரர் இறந்துபோகிறார். வண்டி திண்ணையோரம் நிற்கிறது. மகன் எடுத்து ஓட்டுகிறான். பெயர் அப்பாவின் பெயரே! வாரிசு 30 நாளுக்குள் அறிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற மனுச் செய்யவேண்டும் என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? கடன் வாங்கி வண்டி எடுத்தோம், கடைசித் தவணையும் கட்டினோம். புத்தகத்தில் கடன்காரர் பெயர் நீங்கியதா? தடையில்லாச் சான்று வாங்கி, 35ஆம் படிவம் கொடுத்தால்தான் நீங்கும். வீடு மாறினால் முகவரியை 30 நாளுக்குள் மாற்றவேண்டும். இல்லையேல் அரசு அனுப்பும் ஓலை பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும்.

இதுவரை தோழர்களிடம் பேசினோம். இனி ஆளவந்தார்களிடம் பேசவேண்டும்.

சட்டத்தை மதி என்று ஏழைக்குச் சொல்கிறோம். மதிக்கிற வகையில் சட்டம் இருக்கவேண்டும் என்று டில்லிக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? 2021 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பாயிற்று. 15 ஆண்டு கடந்த இருசக்கர வண்டியின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 300 ரூபாயாக இருந்தது, 1,000 ஆயிற்று. காருக்கு 600 ஆக இருந்தது, 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இன்னோர் அறிவிக்கை: 20 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிக்கு 2,000; காருக்கு 10,000.

இதையாவது பொறுக்கலாம். தாமதக் கட்டணம் என்று ஒன்றை 2021 அறிவிக்கையில் எழுதினார்களே, அதைப் பாருங்கள். இருசக்கர வண்டிக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய். காருக்கு 500. லட்சக்கணக்கில் விலைபோகும் காருக்கு 500 என்றால், பழைய மொபெட்டுக்கு 300! எந்தத் தராசில் நிறுத்தார்கள்? ஒரு கூலித் தோழன் இரண்டாண்டு தவறிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்துக்கு 7,200 ரூபாய். புதுப்பிக்க 1,000. ஆக 8,200. வரியும் காப்பீடும் இதில் சேரவில்லை. அந்தப் பழைய மொபெட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனால் அவ்வளவு பணம் கிடைக்குமா? கட்டணம் வண்டியைவிடப் பெரிதாகிவிட்டால், அவன் என்ன செய்வான்? கட்டாமலே ஓட்டுவான். கட்டாதவனுக்குக் காப்பீடும் ஆபத்தில். காப்பீடு இல்லாத வண்டி மோதினால் நட்டப்படுபவன் இன்னோர் ஏழை. ஏழையைத் தண்டிக்க எழுதிய விதி, இன்னோர் ஏழையின் தலையில் விடிகிறது!

"பழைய வண்டி புகை கக்குகிறது, சாலையில் ஆபத்து, ஆகவே கட்டணத்தை ஏற்றினோம்" என்பார்கள். வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகை கக்குகிறதா என்று பார்க்கச் சோதனை இருக்கிறது. பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் இருக்கிறார். சோதனையில் தோற்ற வண்டியை நிறுத்துங்கள். பணக்காரன் வண்டியானாலும் நிறுத்துங்கள். சோதனையில் தேறிய வண்டிக்கு ஏன் இந்தத் தண்டம்? பணம் கட்டினால் புகை குறையுமா? 2,000 ரூபாய் ரசீதைக் காட்டினால் பிரேக் இறுகுமா?

மோட்டார் வண்டி என்ற பொருள் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலத்துக்கும் அதில் குரல் உண்டு. அந்தக் குரல் ஓங்கி ஒலிக்கவேண்டும் என்று கேட்கிறோம். நாம் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. தாமதக் கட்டணம் எந்நிலையிலும் புதுப்பிக்கும் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. இதுவரை தவறியவர்கள் திரும்பி வர, ஒரு தவணைக் காலம் வைத்துத் தாமதக் கட்டணத்தைத் தள்ளவேண்டும். தேதி முடியுமுன் பதிவேட்டு முகவரிக்கு ஓர் அஞ்சல் அட்டை போகவேண்டும். கைபேசி எண் மாறிப்போனவனுக்கு வேறு எப்படிச் செய்தி எட்டும்? ஆண்டுக்கு இருமுறையேனும் ஆய்வாளர் ஒன்றியம்தோறும் வந்து முகாம் போடவேண்டும். நாள் கூலியைத் தொலைத்துவிட்டு நாற்பது மைல் வரச் சொல்லாதீர்கள். இணைய வழியில் மனுக் கொடுக்கலாம் என்கிறார்கள், நல்லதுதான். படிக்கத் தெரியாதவனுக்கும் அதே கதவு திறக்க, அலுவலக வாயிலில் ஓர் உதவி மேசை போடுங்கள். அந்த மேசை இல்லாத இடத்தில்தான் புரோக்கர் நாற்காலி போடுகிறான்!

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்பதா? ஊருக்கு ஊர் நமக்குப் படிப்பகம் இருக்கிறது. மாலையில் ஏடு படிக்கத் தோழர்கள் கூடுகிறார்கள். அங்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். தெருவிலுள்ள வண்டிகளின் எண், பதிவு முடியும் தேதி, காப்பீடு முடியும் தேதி, மூன்றையும் எழுதுங்கள். மாதப் பிறப்பில் புரட்டிப் பாருங்கள். எவருக்குத் தேதி நெருங்குகிறதோ அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். கைபேசி தெரிந்த இளைஞர் ஒருவர் மனுவை நிரப்பிக் கொடுக்கட்டும், டிஜிலாக்கரில் ஆர்.சி.யை ஏற்றிக் கொடுக்கட்டும். அதற்குக் காசு வாங்கவேண்டாம். கட்சி எது என்று கேட்கவும் வேண்டாம். தெருவில் ஒரு வண்டிகூடத் தேதி கடந்து ஓடவில்லை என்று ஒரு படிப்பகம் சொல்லுமானால், அது ஒரு பொதுக்கூட்டத்துக்கு ஈடு என்போம்.

முதலில் நம் வண்டியிலிருந்து தொடங்குவோம். நாளை காலை வண்டியை எடுக்குமுன் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பெயர் உங்களுடையதா? முகவரி இன்றையதா? தேதி இருக்கிறதா, போய்விட்டதா? இருந்தால் நிம்மதியாகப் புறப்படுங்கள். போயிருந்தால், ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கட்டணக் கொடுமையை எதிர்த்துக் கோட்டை முன்னே கேட்கவேண்டியதை நாம் கேட்போம். கேட்கப் போகும் கையில் குற்றம் இருக்கக் கூடாது. கேட்கப் போகும் வண்டியில் எண் தெளிவாகத் தெரியவேண்டும்!